வசந்தியின் கால் வீக்கம்

ஏப்ரல் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். லீவு போட்டு வசந்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எட்டாம் மாசம். லேடி டாக்டர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி. அப்படியே நின்றது, பிசைந்த மாவில் நிற்கிற மாதிரி. பிரஷரும் அதிகம். உப்பு கூடாது, நடமாட்டம் கூடாது, பஸ் ஏறவே கூடாது. தலைவலி, கண் மங்கல் வந்தால் உடனே வரணும்.

தலைப்பிரசவத்துக்கு மதுரை போகும் பேச்சு அதோடு முடிந்தது. ரிக்‌ஷாவில் வீடு வந்தோம். அவள் அம்மாவுக்குத் தந்தி.

வாங்க வேண்டியது: பார்லி. காலுக்கு வைக்கத் தலையணை. சைக்கிள் டியூப்.

ஏப்ரல் 4, புதன்

மைன்ஸில் நிலக்கரி சுமக்கும் ரப்பர் பெல்ட்டுக்கு ஜாயின்ட் போடும் வேலை. பாரம் இழுத்து இழுத்து நீண்டுபோன பெல்ட் பழைய அளவுக்கு வராது. கூடுதலை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டணும். அதுதான் எங்கள் பிழைப்பு. இன்று கத்தியை வைக்கும்போது வ. கால் ஞாபகம். சீ, என்ன நினைப்பு.

சாயங்காலம் நானே அழுத்திப் பார்த்தேன். குழி மெல்ல மேலே வந்தது. வந்ததா, வந்த மாதிரி எனக்குத் தோன்றியதா, தெரியவில்லை.

"நான் என்ன உங்க பெல்ட்டா?" என்றாள் வ.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அஞ்சலையக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "இன்னா தம்பி, பொண்டாட்டி கால புடிச்சிகினு குந்திகினு கீறீங்க?" முத்தாண்டிக்குப்பம் கிராமத்து வாய். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 7, சனி

புழுக்கம். உப்பில்லாத ரசம், உப்பில்லாத பொரியல். அவளுக்குத் துணையாக நானும் அதேதான். கேன்டீனில் வடை தின்றதைச் சட்டை வாசனையிலேயே பிடித்துவிட்டாள். "துரோகி" என்று சிரித்தாள். முகமும் உப்பிவிட்டது. சிரித்தால் கண் இரண்டும் உள்ளே போய்விடுகிறது. அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டாள், கேலி என்பாள்.

மெட்டி இறுகிப்போய் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றினோம். வலியில் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டாள். மெட்டி இருந்த இடம் சுற்றிலும் பள்ளம். வளையல் நேற்றே கழற்றியாயிற்று.

ஏப்ரல் 10, செவ்வாய்

அழுத்திய குழி இன்று சட்டென்று மேலே வந்தது. சந்தேகமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னேன், "இன்னும் எல்லை தாண்டல. பழைய அளவுக்கே திரும்பிடும்."

வ. நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தலை வலிக்கிறதாம். வெயில்தான் என்றாள். நானும் வெயில்தான் என்று தைலம் தேய்த்துவிட்டேன்.

அஞ்சலையக்கா பலாச்சுளை கொடுத்தனுப்பினாள். வீடெல்லாம் வாசனை.

ஏப்ரல் 11, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா. பாக்கெட்டில் இருந்த தாளில் எழுதுகிறேன். பிறகு டைரியில் ஒட்டணும்.

காலையில் வேலை நடுவில் ஆள் வந்து கூப்பிட்டார். அரைமணி கழித்து நான் இங்கே வந்தபோது வ. உள்ளே. அஞ்சலையக்கா மட்டும் வாசலில். "உக்காந்து அரிசில கல்லு பொறுக்கிகினு இருந்திச்சி. அரிசியே ரெண்டு ரெண்டா தெரியுதுக்கான்னுது. நா இன்னாத்தன்னு பாத்துகினு இருக்கறது? ரிக்‌ஷால ஏத்தி இட்டாந்துட்டேன்." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர்: "கால் வீக்கத்தையே பாத்துட்டு இருந்தீங்களா? தலைவலின்னா வரச் சொன்னேனே." இனிமேல் காத்திருக்க முடியாதாம். ஊசி போட்டு வலி வரவழைக்கிறார்கள். பிரஷர் இறங்கவில்லை. "ரெண்டு பேர்ல..." என்று ஆரம்பித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மிச்சத்தைக் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வசந்தி. வசந்தி. வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 12, வியாழன்

பெண். மதியம். ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். கன்னம் இரண்டிலும் சிவப்புத் தடம். தலை, ஐயோ, சுரைக்காய் மாதிரி மேலே நீண்டு கிடக்கிறது. ஆள் சின்னது. தொண்டை பெரிசு.

"இது திரும்புமா மேடம்?" டாக்டரிடம் கேட்டேன்.

"மண்டை எலும்பு இன்னும் ஒண்ணு சேரல. அது வளைஞ்சு கொடுத்ததாலதான் வெளியவே வந்தா. ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும்."

ஐ.டி.ஐ.யில் இரும்பு சொல்லிக்கொடுத்தார்கள், ரப்பர் சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வ. ஊசி மயக்கத்தில். கூப்பிட்டால் முனகல் மட்டும். கண் பார்வையைப் பற்றி இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

ஏப்ரல் 13, வெள்ளி

மேகமூட்டம். நாளை வருஷப் பிறப்பு. பிரஷர் இறங்குகிறது. மாமியார் வந்துவிட்டார்; வந்ததிலிருந்து அழுகை.

பத்து மணி வாக்கில் வ. தெளிவாகக் கண் திறந்தாள். குழந்தையைக் கொண்டுவரும் முன்பே சொல்லிவைத்தேன், "தலை கொஞ்சம் நீளமா இருக்கும். பயந்துடாத."

மடியில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீளமா? எங்க? சரியாத்தான இருக்கு."

பார்வை இன்னும் வரவில்லையோ? அவள் முகத்துக்கு நேரே மூன்று விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டேன்.

"மூணு. நகமெல்லாம் கிரீஸ். கழுவிட்டு வந்து புள்ளயத் தூக்குங்க."