கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்த பலூன்

போன புதன்கிழமை மாலை, தொழிலாளர் மருந்தகத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு குழல், கூடவே மெல்லிய பலூன். குழலை ஒரு மூக்குத் துளையில் வைத்து, மறு துளையையும் வாயையும் மூடிக்கொண்டு, மூக்காலேயே பலூனை ஊத வேண்டும்; அடைத்த காது திறக்கும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய பொருள். நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து நம்மூருக்கு வந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உருக்காலையில் நீ மேலே கிரேனில், நான் கீழே சைகை காட்டுகிறவன். அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசியதில்லை. சோறு வந்துவிட்டதா, சூப்பர்வைசர் வருகிறானா, எல்லாமே கையில்தான். என் சுண்டுவிரல் அசைவதைக்கூட நீ மேலிருந்து பிடித்துவிடுவாய். அதனால்தான் உன் காது அடைத்துப்போனது ஆலைக்குள் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டில்தான் தெரிந்தது. அங்கேயும் அதைக் காது என்று யாரும் நினைக்கவில்லை. கோபக்காரன் என்று நினைத்தார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை வேனில் வந்து காது சோதிப்பார்களே, அதிலும் நீ தேறிவிடுவாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டனை அழுத்துகிறவனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்து, தோள் அசைந்ததும் விரலைத் தூக்குவாய். வெளியே வந்ததும் நான் திட்டுவேன். எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிறவன் என்று நீ எனக்கு வைத்த பெயரைச் சொல்லிச் சிரிப்பாய். "யோவ் பெட்டிஷன், இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? ஃபேக்டரில எவனுக்குத்தான் காது கேக்குது?" என்பாய். தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கி, பழைய இரும்பு பொறுக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உனக்குப் பயம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நீ செய்தது சரியென்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

இரைச்சலில் கெட்ட காது வேறு, அடைத்த காது வேறு. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு செவிலியர் பாடப் புத்தகத்தில் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. தூசியாலோ சளியாலோ அது வீங்கி அடைத்துக்கொண்டால் காதுக்குள் காற்று போகாது, நீர் கோத்துக்கொள்ளும். எந்தப் பேச்சும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல ஆகிவிடும். உன் மனைவி வருடக்கணக்கில் உன் காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றினாள். அடைப்போ மூக்கின் பக்கம் இருந்தது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். இடது காது அதிகமாக அடைத்திருந்தது. மூக்கில் அடிக்க மருந்து கொடுத்து, இந்தப் பலூனை அங்கேயே ஊத வைத்தார். இதில் சரியாகாவிட்டால் பிறகு சின்னதாக ஒரு சிகிச்சை இருக்கிறது, பயமில்லை என்றார். இரண்டாம் தடவை போய்விட்டுத் ரயிலில் திரும்பும்போது, மீஞ்சூரில் ஏறிய கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே கேட்டாய்: "ஒரு பலூன் ஊதறதுக்கு லீவு போட்டுக்கினு மெட்ராஸ் போவணுமாய்யா?" அதன்பிறகு நீ போகவில்லை.

நம்மூர் மருந்துக்கடைகளில் கேட்டால் சிரித்தார்கள். லேத் பட்டறையில் சொல்லி நைலானில் ஒரு குழல் கடைந்து வாங்கி, கடைத்தெரு பலூனை மாட்டிக் கொடுத்தேன். நீ ஊதினாய். முகம் செக்கச் சிவந்தது, காது வலித்தது, பலூன் அசையவே இல்லை. "மூக்கு இன்னா கம்ப்ரஸரா?" என்று தூக்கி எறிந்தாய். குழலின் அளவு சரியாகத்தான் இருந்தது. பலூன்தான் முரடு.

அன்றிலிருந்து இதற்கும் மனு எழுதினேன். வாரத்தில் ஒரு மாலை, ஷிப்ட் விட்ட பிறகு, காது பார்க்க ஒரு டாக்டர் இங்கே வர வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். இப்போது ஒரு இளம் டாக்டரம்மா வந்து அதையேதான் செய்கிறாள். முதலில் சோதிக்கிறாள். யாருக்குப் பலூன், யாருக்கு மருந்து, யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று பிரிக்கிறாள். என் மனுவைப் பார்த்தாயா என்று கேட்டேன். ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லையாம்.

உன் மகன் சேகர் இப்போது உன் கிரேனில்தான் இருக்கிறான். போன மாதம் அவன் மனைவி என்னைத் தேடி வந்தாள். "கூப்ட்டா திரும்பறதே இல்ல பெரிப்பா. இன்னா கோவமோன்னு நானும் பேசறத வுட்டுட்டேன்" என்றாள். அன்று மாலையே உன் வீட்டுக்குப் போய், காதைக் காட்ட வரச் சொன்னேன்.

"டெஸ்ட்டுல பாஸு பெரிப்பா" என்றான்.

"உங்கப்பனும் பாஸுதான்டா."

அவன் முகம் மாறிவிட்டது. அப்பா பேச்சை எடுக்காதீங்க என்றான். சின்ன வயதிலிருந்து மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னான். "நான் எதனா கேக்க வந்தா மூஞ்சத் திருப்பிக்குவாரு. என்னப் புடிக்காது அவருக்கு."

நான் எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அது மூஞ்சத் திருப்பறது இல்லடா. வலது காதுதான் அவனுக்குக் கொஞ்சம் கேட்டுது. அதை உங்கிட்டக் காட்டுனான்" என்றேன். உன் மருமகள் உள்ளே போய்விட்டாள்.

போன புதன்கிழமை மருந்தகத்துக்கு வந்தான். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் மூக்கால் பலூன் ஊதுவதைப் பார்த்து பெஞ்சில் ஒரே சிரிப்பு. இவன் பலூன் எலுமிச்சை அளவுக்குத்தான் வந்தது. இவனுக்கும் இடது காதுதான்; இன்னும் திறக்கவில்லை. வீட்டிலும் தினமும் ஊத வேண்டும், சில வாரம் பார்க்கலாம் என்கிறாள் டாக்டரம்மா. அவளை மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அதற்கும் மனு எழுதிவிட்டேன். பதில் வராது. வராவிட்டால் இன்னொன்று எழுதுவேன்.

எனக்கு இதில் சந்தோஷம் எதுவும் இல்லை. ஒரு குழாய் அடைத்துக்கொண்டதற்கு ஒரு பிள்ளை தன்னை அப்பனுக்குப் பிடிக்காது என்று நினைத்தே வளர்ந்துவிட்டான். அந்தப் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

திரும்பும்போது ஓரடி முன்னால் போய் அவனைப் பார்த்துத் திரும்பி, டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். அவன் சட்டென்று முகத்தை இடப்பக்கம் திருப்பினான். எதிரே வந்த ஒருவர், "பெரியவர் கேக்கறாரு, மூஞ்சத் திருப்பிக்கினு போறான் பாரு" என்றார். நான் அவனுக்கு வலது பக்கம் போய், மறுபடியும் கேட்டேன்.