பத்தடிக் கச்சை

மார்ச் 3, 1862. வடக்குப் படை முகாம், வர்ஜீனியா.

மழை. சிவப்புக் கால்சட்டை முழங்கால்வரை சேறு. ஹைராம் இன்றும் பேசவில்லை. அவன் தம்பி ஏசா ஜனவரியில் காய்ச்சலில் போனதிலிருந்து இப்படித்தான். ஆனால் பிரெஞ்சு ஜுவாவ் வீரர்களைப் பார்த்துத் தைத்த எங்கள் உடையில் இடுப்புக் கச்சை பத்தடி நீளம். ஒருவன் நுனியை இழுத்துப் பிடிக்க, மற்றவன் சுழன்று சுழன்று இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். கூடாரத்தில் மிச்சம் நாங்கள் இருவர்தான். காலையில் வந்து என் நுனியைப் பிடிக்கிறான். பிறகு தன்னுடையதை என்னிடம் நீட்டுகிறான். முகத்தைப் பார்ப்பதில்லை.

மார்ச் 4.

அவன் கோபம் நியாயம்தான். ஊரில் இந்த உடையில் யாரோ நடத்திய பயிற்சிக் காட்சியைப் பார்த்துவிட்டு, "சேர்ந்தா ஜுவாவ் படையிலதான் சேரணும்" என்று கடைகடையாகச் சொல்லித் திரிந்தவன் நான். என்னைப் பார்த்து ஏசா சேர்ந்தான். தம்பியைத் தனியே விட மனமில்லாமல் ஹைராம். அடக்கம் செய்த அன்று சொன்னான்: "நீ அந்தச் செவப்புத் துணியக் காட்டலன்னா அவன் இப்ப வீட்ல இருப்பான்டா, லெமுவல்."

உண்மைதானே.

மார்ச் 19.

பக்கத்துப் படையின் சமையல்காரர் பிரான்சுக்காரர். ஆப்பிரிக்காவில் அசல் ஜுவாவாக இருந்தவராம். எங்கள் தலைப்பாகைகளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த ஊரு மலைக்காரங்க கட்டுனதப் பாத்து நாங்க காப்பியடிச்சோம். இப்ப எங்களப் பாத்து நீங்களா!" ஹைராமின் உதடு கொஞ்சம் அசைந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் நின்றுவிட்டது.

ஏப்ரல் 27.

என் கச்சை சரியாகச் சுற்றவில்லை. ஹைராமே அவிழ்த்து, மறுபடி பிடித்தான்.

மே 20.

உத்தரவு வந்துவிட்டது. சிவப்பு வேண்டாம், இனி எல்லோருக்கும் நீலம். எதிரி தூரத்திலிருந்தே குறிவைக்கிறானாம். முகாமே நிம்மதியாக இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை. நீல உடைக்குப் பொத்தான் போதும், கச்சை கிடையாது. இனி அவன் எதற்கு என் முன்னால் வந்து நிற்கப்போகிறான்?

மே 23.

பழைய உடைகளை நேற்றே வாங்கிக்கொண்டார்கள். நீலம் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூடாரத்துக்கு வெளியே சும்மா நின்றேன்.

ஹைராம் வந்தான். சட்டைப் பொத்தான் போடவில்லை. கையில் கச்சை. ஒப்படைக்காமல் ஒளித்துவைத்திருக்கிறான்!

"உள்ள கட்டிக்கப் போறேன். குளிருது," என்றான், என் முகத்தைப் பார்த்து. "புடிடா."

காலையிலேயே இருவருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பிடித்தேன்.