மருமகளுக்கு வைத்திருந்த பட்டு

1956 மே, சனிக்கிழமை இரவு

மகன் அருளப்பன் அடுத்த மாதம் சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர வேண்டும். பங்குச் சாமியாரிடம் நாங்கள் சம்மதம் சொல்லியாகிவிட்டது. இன்று சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் என்னோடு நடந்து வந்தவன் சட்டென்று நின்றான்.

“நைனா, எனக்கு இன்னும் நிச்சயமா தெரியல. பாதியில வந்துட்டா ஊர்ல இன்னா சொல்லுவாங்க?”

“இன்னாவோ சொல்லிகினு போவட்டும். இது உன் வூடுடா. எப்ப வேணும்னாலும் வா.”

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வீட்டுக்கு வந்தால் அவன் அம்மா தெரேஸ் கை நிறையத் துணியோடு நிற்கிறாள். மருமகளுக்கென்று பெட்டியில் வைத்திருந்த சந்தன நிறப் பட்டுப் புடவையைத் தையற்காரனிடம் கொடுத்து வெட்டவைத்துவிட்டாள். மகன் வைக்கப்போகும் முதல் பூசைக்கு உடுப்பாம். அதற்கு இன்னும் எத்தனை வருஷம் கிடக்கிறது. பெற்றவளுக்கு அவ்வளவு அவசரம்.

அவன் தோளில் போர்த்தி, “எப்டிடா கீது?” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“நல்லாக்கீதும்மா,” என்றான்.

உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. நான் குனிந்துகொண்டபோது, எப்போது வேண்டுமானாலும் வா என்று அவனிடம் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.