நக்கல் இல்லீங்க

ஏனுங்க,

இத்தனை வருடம் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன். வேறெப்படி எழுதினாலும் இது உங்களிடம் வந்து சேராது என்று தோன்றுகிறது. கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். பாதியில் எழுந்து யார் வீட்டுக்காவது கிளம்பிவிடாதீர்கள்.

முத்துச்செல்வியை நினைவிருக்கிறதா? பின்வீதி லைன் வீட்டுப் பெண். பிளஸ் டூ கணக்கில் பெயிலாகி, மறுதேர்வும் எழுதாமல், எந்த வேலைக்கும் போகாமல், அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளே, அவள்தான். இப்படிப் படிப்பும் வேலையும் இல்லாமல் முடங்கிய பிள்ளைகளைத் தேடி, அடுத்த வழி சொல்ல, ஞாயிற்றுக்கிழமையானால் கிளம்பிவிடுவீர்கள். வாசலோடு உங்களைத் திருப்பி அனுப்பிய ஒரே பிள்ளை அவள்.

"சாப்ட்டீங்களா கண்ணு? உள்ள வரலாமுங்களா?" என்றுதான் கேட்டீர்கள்.

"என்ன நக்கலா? பெயிலானவள வாங்க போங்கன்னு பேசுதிய?" என்று படாரெனச் சாத்திவிட்டாள்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. சின்னப் பிள்ளையையும் 'வாங்க, போங்க' என்கிற நம் கொங்கு மரியாதை அவளுக்குக் குத்தலாகப் பட்டிருக்கிறது. அன்று உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "மறுக்காப் போய்ச் சொல்லோணும் சரசு, நக்கல் இல்லீங்கன்னு" என்றீர்கள். அடுத்த ஞாயிறைப் பார்க்க நீங்கள் இல்லை. மாரடைப்புக்கு அப்படி என்ன அவசரம்?

காரியமெல்லாம் முடிந்து நான் போனேன். உங்கள் பொறுமை எனக்கு ஏது? ஜன்னல் வழியாகவே கத்தினேன்.

"வாசல்ல வர்ற நாயைக்கூட 'அக்கட்டால போங்க'ன்னு தொரத்துற மனுசன் அவரு. நக்கல் பண்ண அவருக்குத் தெரியாது கண்ணு. இப்ப அவரே இல்ல."

கதவு திறந்தது. "நாய்க்குமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். நானும்தான். "பெயிலானதுலேர்ந்து எங்க வீட்ல எனக்குத் தண்டம்னுதான் பேரு அத்தை" என்றாள்.

மறுதேர்வு எழுதினாள். உங்களிடம் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, மறுபடியும் பெயில். பழையபடி கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பயந்தேன். ஆனால் அன்று சாயங்காலமே நம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "இனி என்ன செய்யலாம் அத்தை?"

அந்தக் கேள்விக்காகத்தானே வீடு வீடாக அலைந்தீர்கள்?

பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படிப்பில் சேர்த்துவிட்டோம். "பொட்டப்புள்ளைக்குக் கரண்டு வேலையா?" என்று அவள் அப்பா குதித்தார். நானும் குதித்தேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா? இப்போது அவரே காலையில் பஸ் ஏற்றிவிடுகிறார்.

போன ஞாயிறு பொங்கலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். பத்தாவதோடு நின்றுவிட்ட பெண், வெளியே தலைகாட்டுவதில்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் முத்துச்செல்வி முந்திக்கொண்டாள்.

"சாப்ட்டீங்களா? உள்ள வரலாமுங்களா?"

அவள் நாக்கில் நம் பேச்சு இன்னும் சரியாக உட்காரவில்லை. சாத்தியிருந்த கதவருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"நக்கல் இல்லீங்க."

நீங்கள் சொல்லாமல் விட்டுப்போனதைச் சொல்லியாகிவிட்டது. கேட்டதா உங்களுக்கு?

அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. வரும் ஞாயிறும் போவோம், அதற்கடுத்த ஞாயிறும் போவோம். என் கோபத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் பேசுவேன். சத்தியமுங்க.

உங்கள் வீட்டுக்காரி,
சரசு