கோவிந்தம்மாள் பெயர் போட்ட செம்பு

என் அக்காவைக் கட்டிய அருமை பாவாவுக்கு,

உங்கள் மகள் தேவி புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். பொதட்டூர்பேட்டையில், மாமியார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. விருந்தில் வடைதான் கொஞ்சம் கல். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

பத்து நாளைக்கு முன்பு போன் செய்தாள். “மாமா, புதுசா எதுவும் வாங்கினு வராத. நைனா இருந்தா என்னா செஞ்சி குடுப்பாரோ, அதையே குடு” என்றாள். ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்துதான் காயலான் கடையைக் கிளறினோம், சரி. உடைந்த கடிகாரத்தைப் போட்டோ சட்டமாக்கிக் கல்யாண வீட்டில் நீட்டியது நீங்கள்தானே? நான் வெறுமனே பை தூக்கியவன். பள்ளிக்கூட நாளில் அந்தப் பரிசுகளால் வெட்கப்பட்டு அழுதவளும் இதே தேவிதான். இப்போது மாமியார் வீட்டார் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ரயில்வே கேட் பக்கத்துக் கடைக்குத்தான் போனேன். பாய் உங்களைப் பற்றியே பேசிவிட்டு, ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக் கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்தேன். செம்பின் வாயில் பல்பு மாட்டி, கம்பி வளையத்தில் கட்டம் போட்ட லுங்கித் துணியைச் சுற்றிக் குடை கவிழ்த்தேன். மேசை விளக்கு, பாவா! ஒயருக்குப் போட்ட ஓட்டைதான் கோணல்.

செம்பின் அடியில் ‘ரா. கோவிந்தம்மாள்’ என்று வெட்டியிருந்தது. ஊரார் பேரோடா புது வீட்டுக்குக் கொடுப்பாய், அரம் வைத்து ராவி எடு என்றாள் அக்கா. நீங்கள் ஒரு நாளும் யார் பெயரையும் ராவியதில்லை. நானும் விட்டுவிட்டேன்.

பாத்திரத்தைக் கையில் வாங்கினால் நம் ஜனம் திருப்பிப் பார்க்காமல் இருக்குமா? தேவியின் மாமியார் விளக்கைக் கவிழ்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

“யாரும்மா இந்த கோவிந்தம்மா?”

அக்கா என்னை முறைத்தாள். தேவி அசரவில்லை.

“தெரியாதுங்க அத்த. எங்க நைனா இருந்திருந்தா தேடிப் புடிச்சி அவங்களுக்கும் பத்திரிக வச்சிருப்பாரு.”

மாமியார்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பாவா.

பந்தி முடிந்ததும் தேவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “சின்ன வயசுல நான் அழுதது நைனாவுக்குத் தெரியுமா மாமா?”

தெரியாது என்றேன். அவள் அழுத வாரம் கடைக்கு வந்தும் ஒரு சாமானையும் தொடாமல் நீங்கள் உட்கார்ந்திருந்தது எனக்கல்லவா தெரியும்?

இந்தப் பொய்யை என் கட்டை வேகும்வரை காப்பாற்றுவேன். நீங்களும் அவள் கனவில் போய் உளறிவிடாதீர்கள்.

என்றும் உங்கள் மச்சான்,
கஜேந்திரன்
திருத்தணி