‘வாறன்’ என்று எழுதிய ஓட்டை

என் ஆசை அண்ணா,

சுவரில் படமாக ஏறிய பிறகும் உங்களோடு சண்டை பிடிக்கும் ஆசை எனக்குத் தீரவில்லை. திவசத்துக்கு எல்லாரும் பேப்பரில் படம் போட்டு, கீழே நாலு வரிக் கவிதை போடுவார்கள். எனக்குக் கவிதை வராது, கடிதமாகத் தரட்டுமா என்று பேப்பர்காரரைக் கேட்டேன், சரி என்றார்கள். ஊரே வாசிக்கட்டும். சொந்தத் தங்கச்சியை ஒரு மின்சார வயரில் கட்டிப்போட்டுவிட்டுப் போன மனிதர் நீங்கள் என்று எல்லாருக்கும் தெரியட்டும்.

இங்கே உட்துறைமுக வீதியில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மான்கள் இன்னும் வந்து மதிலில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துத் தின்கின்றன. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, ஜன்னல் கண்ணாடி முழுக்க உப்பு. சீனன்குடாவில் விமானம் இறங்கும்போது உங்கள் அலுமாரிக் கதவு தானாகத் திறக்கிறது. நீங்கள்தானோ என்று முதலில் பயந்தேன். இப்போது எழும்பிப் போய்ச் சாத்திவிட்டு வருகிறேன்.

வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அண்ணா துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தவர். சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கீபோட் வாசிப்பார். அத்தனை கல்யாணத்தைப் பார்த்ததாலோ என்னவோ தனக்கென்று ஒன்றைச் செய்யவில்லை. என் வீட்டுப் பின் அறையில் காதில் ஹெட்போனோடு அவர், முன் அறையில் தையல் மெஷினோடு நான், நடுவில் ஒரு திரைச்சீலை. நாள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். என் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் ஏறினீர்கள். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் நாம் இருவர்தான் என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த ஓட்டோவில் வருவதாக நான் நின்றேன். “தங்கச்சி, கீபோட்டை நிப்பாட்டிப் போடாதை. உள்ளுக்கை ஒண்டு கிடக்கு. வந்து முடிக்கிறன்” என்றீர்கள். பிறகு “வாறன்” என்றீர்கள். ஓட்டோ திரும்பியது. அதன் பிறகு உங்களைப் பேச்சு மூச்சோடு நான் காணவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு பின் அறைக்குப் போய், அந்த ‘ஒண்டு’ என்ன என்று கேட்கப் பட்டனை அழுத்தினேன். கரகர என்றது, பிறகு சத்தமே இல்லை. ஹெட்போனிலும் இல்லை. உப்புக்காற்று அதன் தொண்டையைத் தின்றுவிட்டது. ஆனால் சின்னத் திரையில் எண்கள் ஒன்று, இரண்டு என்று ஓடின. பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்து கடைத்தெருவில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் பாறூக் நானாவைக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழற்றாமல் டோர்ச் அடித்துப் பார்த்தே நல்ல செய்தி ஒன்றும் இல்லை என்றார். பாட்டை நினைவில் வைத்திருக்கும் சின்ன பற்றரி செத்துவிட்டது. டிஸ்க் போடும் இடத்தில் இருக்கும் றப்பர் பட்டி உருகிவிட்டது, டிஸ்கில் பதிந்து எடுக்கவும் வழியில்லை. பெரிய பற்றரி போடும் பெட்டி பச்சை பிடித்துப் போயிருக்கிறது.

“வயரைப் புடுங்கினா உள்ளுக்க உள்ளதெல்லாம் போயிரும் அக்கா. கறண்ட் இருக்கிற வரைக்கும்தான் பாட்டு இருக்கும்.”

அன்றிலிருந்து நான் காவல்காரி. கறண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்க ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தேன். அது கால் மணி நேரம் கீச் கீச் என்று கத்தும், அதற்குள் கறண்ட் வர வேண்டும். கோயிலுக்குப் போனாலும் காது வீட்டில். சாம்பல்தீவில் சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, பாதிச் சாப்பாட்டில் எழும்பி வந்தேன். வானம் இருட்டினால் தையலைப் போட்டுவிட்டுப் பின் அறைக்கு ஓடுவேன். இது என்ன வாழ்க்கை அண்ணா? ஒரு பெட்டிக்குள் நீங்கள் அடைபட்டுக் கிடக்க, அந்தப் பெட்டிக்கு வெளியே நான் அடைபட்டுக் கிடந்தேன்.

இதற்கிடையில் உங்கள் மருமகள், என் மகள் தர்ஷினிக்கு வவுனியாவில் மாதம் நெருங்கிவிட்டது. தலைப்பிள்ளை. ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள்.

“அம்மா, எப்ப வாறீங்கள்?”

“ஏலாது பிள்ளை, மாமாவின்ரை பாட்டு…”

“மாமா செத்துப் போனார் அம்மா. நான் உயிரோடை இருக்கிறன்.”

போனை வைத்துவிட்டு உங்கள் அறைக் கதிரையில் இருந்து அழுதேன். உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

சத்தம் செத்தாலும் பாட்டை எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று நானா சொன்னார். கீபோட்டின் பின்னால் இரண்டு வட்ட ஓட்டைகள், அதற்கு மிடி என்று பெயர். அதன் வழியாகச் சத்தம் வராது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் தொட்டீர்கள் என்ற செய்தி மட்டும் வரும். அதைக் கொம்பியூட்டர் வாங்கி வைத்துக்கொண்டு தன் சத்தத்தில் வாசிக்கும். விரல் மட்டும் வரும் என்று வையுங்கள் என்றார். எனக்கு அது போதும் என்றேன்.

அதை வாங்கிக்கொள்ள உங்கள் பழைய கொம்பியூட்டருக்குள் காட் என்று ஒரு சின்னத் தகடு இருந்தது. கொம்பியூட்டர் துருப்பிடித்துச் செத்துவிட்டது, காட் மட்டும் புதிது மாதிரி இருந்தது. நானா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைக் குத்த இப்ப வாற கொம்பியூட்டர்ல இடம் இல்ல. பழசொண்டு தேடிக் குத்தினாலும் இப்பத்த விண்டோஸுக்கு இது ஆரெண்டே தெரியாது.” காட் தேடி அலையாமல் லப்டொப்பில் யூஎஸ்பியில் குத்துகிற மாதிரி ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தோம்.

அதிலும் நான் முதலில் ஏமாந்தேன். மலிவாக இருக்கிறதே என்று தபாலில் ஒரு வயர் எடுத்தேன். இப்படிக் குத்தினேன், மாற்றிக் குத்தினேன், ஒன்றும் வரவில்லை. நானா தன் கடையில் நல்ல கீபோட் ஒன்றில் போட்டுப் பார்த்து, வயரே செத்தது என்றார். ஆனால் அந்த மாற்றிக் குத்துகிற வேலையில்தான் என் உயிர் போய் வந்தது. கறண்ட் வயர் குத்தும் இடம் அந்த இரண்டு ஓட்டைகளுக்குப் பக்கத்தில், அதுவும் ஆடுகிற இடம். என் கை பட்டதும் திரை ஒரு கணம் மங்கி மீண்டது. இனிச் சும்மா சும்மா அந்தப் பின்பக்கத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்ததாக நானா கொழும்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டி எடுப்பித்தார். செய்தி உள்ளே வந்தால் மினுங்க ஒரு லைட், வெளியே போனால் மினுங்க ஒரு லைட். கீபோட்டின் அவுட் பெட்டியின் இன்னுக்குப் போக வேண்டும், பெட்டியின் அவுட் கீபோட்டின் இன்னுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார்.

ஆனால் கீபோட்டில் எது இன், எது அவுட்? மேடையில் வடிவாக இருக்க வேண்டும் என்று முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்த புண்ணியவான் நீங்கள்தானே. எழுத்தெல்லாம் பூச்சுக்குள் போய்விட்டது. பிறகு உங்களுக்கே தெரியாமல் போய், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அதில் ஒன்று விழுந்து பசை மட்டும் இருந்தது. மிஞ்சியதில் உங்கள் சாய்ந்த கையெழுத்தில் ‘வாறன்’ என்று இருந்தது.

நானாவுக்குப் போனில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “வாறன் எண்டா உள்ளுக்க வாறதுதானே அக்கா? அதான் இன்.” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கறண்ட் வயரில் கை படாமல், பெட்டியின் அவுட் வயரை ‘வாறன்’ ஓட்டையிலும் மற்றதை மற்ற ஓட்டையிலும் குத்தினேன்.

லைட் மினுங்கவில்லை. லப்டொப்பின் மற்ற ஓட்டையில் குத்திப் பார்த்தேன். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். பாட்டை வாங்குகிற புரோகிராமில் பெட்டியின் பெயரைத் தெரிவு செய்யவில்லையோ என்று பார்த்தேன், செய்திருந்தேன். கீபோட்டில் செய்தியை வெளியே அனுப்பு என்று ஒரு செற்றிங் இருக்குமாம், அதையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன், அதுவும் சரி. கடைசியில் நானா, “ரெண்டு வயரையும் மாத்திப் பாக்கேலாதா?” என்று கேட்டார். “அண்ணா எழுதி வச்சது பிழையா இருக்குமோ?” என்றேன். “அதுவும் சரிதான் அக்கா” என்றார்.

அப்போதுதான் அறிவித்தல் வந்தது. லைன் வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க எங்கள் வீதிக்குக் கறண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்றார் நானா. அதன் கறண்ட் ஏறி இறங்கும், இந்தப் பழசு தாங்காது என்றும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை முழுக்க நான் ஒரு துணியும் தைக்கவில்லை. பின் அறையில் போய் இருப்பதும், எழும்பி முன்னுக்கு வருவதும்தான். மூதூர் படகுக்கு ஓடுகிற சனத்தை ஜன்னலால் பார்த்தேன். அவர்கள் போகிறார்கள், நான் மட்டும் இருக்கிறேன் என்று எரிச்சலாக இருந்தது.

நேற்று, சனிக்கிழமை, பின் வீதி ரீச்சர் தன் சட்டையை எடுக்க வந்தா. போட்டுப் பார்த்துவிட்டு, கை கொஞ்சம் இறுக்கம் என்று குறை சொல்லிவிட்டு, பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினா.

“அப்ப வாறன் அக்கா.”

“ஓம், வாங்கோ” என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். ரீச்சர் வாறன் என்று சொல்லிவிட்டு வெளியேதானே போகிறா?

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது நீங்கள் “போறன் அம்மா” என்று கத்திவிட்டீர்கள். அம்மா வீதி வரை ஓடிப்போய் உங்களைக் காதில் பிடித்து இழுத்து வந்தா. கதிரையில் இருத்தி, தண்ணீர் குடிக்க வைத்து, “போறன் எண்டு சொல்லக்கூடாது, வாறன் எண்டு சொல்லு” என்றா. அதன் பிறகு சாகும்வரை உங்கள் வாயில் அந்தச் சொல் வரவில்லை. குசினிக்குப் போனாலும் வாறன், மண்டபத்துக்குப் போனாலும் வாறன். வீட்டை விட்டு வெளியே போகிற ஒன்றுக்கு நீங்கள் வேறு என்ன பெயர் எழுதியிருப்பீர்கள்? நானும் நானாவும் தமிழ் தெரிந்த இரண்டு பேர், நாங்களே தினமும் படியிறங்கும்போது சொல்லுகிற சொல், எங்களுக்கு விளங்கவில்லையே.

பின் அறைக்குப் போனேன். கறண்ட் வயரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரண்டு வயரையும் கழற்றி மாற்றினேன். திரை மங்கியது. பிள்ளையாரே என்றேன். திரும்ப வந்தது. புரோகிராமில் பதிவை ஓடவிட்டு, கீபோட்டின் பட்டனை அழுத்தினேன். பெட்டியில் பச்சை லைட் மினுங்கியது, பிறகு நிற்காமல் மினுங்கியது. லப்டொப் திரையில் சின்னச் சின்னக் கோடுகள் வரிசையாக வந்து விழுந்தன.

முடிந்ததும் முதல் வேலையாக அதைத் தர்ஷினிக்கு அனுப்பி வைத்தேன். அதன் பிறகுதான் கேட்டேன்.

ஏதோ கல்யாணப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். தொடக்கத்தில் மெட்டு இல்லை, ஒரு தட்டல் மட்டும். டகடகடக என்று ஓடி நின்றது. கொஞ்சம் இடைவெளி. திரும்ப ஓடியது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. மூன்றாம் தரம் நிற்கும்போது என் வலது கால் தானாக உயர்ந்தது. அண்ணா, அது என் மெஷின். சட்டைக் கை தைக்கும்போது துணியைத் திருப்ப நான் நிறுத்துகிற இடத்தில் உங்கள் தாளம் நிற்கிறது. நான் திரும்ப மிதிக்கிற இடத்தில் ஓடுகிறது. அதன் மேல்தான் மெட்டு வந்து இருந்தது, மெதுவாக, என் வேலையைக் குழப்பாமல். நடுவில் ஓரிடத்தில் நீளமாக எல்லாம் நிற்கிறது, மெட்டும் நிற்கிறது. அது நான் எழும்பி “அண்ணா, தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்கிற நேரம். காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு இதையெல்லாம் எப்படிக் கேட்டீர்கள்? ஒரு காதைத் திறந்து வைத்திருந்தீர்களா?

பாட்டு பாதியில் நின்றுவிட்டது. வந்து முடிக்கிறன் என்றீர்களே, அந்த இடம் போலும். நான் அழுதேன், நல்லாக அழுதேன்.

இன்றைக்கு ஞாயிறு. கறண்ட்காரர் வருவதற்கு முன்பே நானே எழும்பிக் குளித்து, கீபோட்டின் வயரை என் கையால் கழற்றி, யூபிஎஸ்ஸையும் நிறுத்தினேன். திரை அணைந்தது. வீடு அமைதியாக இருக்கிறது. இப்போது கறண்ட் இல்லை, மின்விசிறி ஓடவில்லை, எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலோரம் இருந்து இதை எழுதுகிறேன். காலடியில் வவுனியாவுக்கு எடுத்து வைத்த பை, அதற்குள் பிள்ளைக்குத் தைத்த சின்னச் சட்டைகள். பஸ்ஸுக்கு நேரமாகிறது. தர்ஷினி உங்கள் பாட்டை வயிற்றில் போனை வைத்துப் போட்டாளாம், மாமா நடுவில் நிறுத்தின இடத்தில் பிள்ளை உதைத்ததாம்.

அந்தப் பாட்டை வேறு ஒருவரையும் கொண்டு முடிக்க மாட்டேன். அது பாதியாகவே இருக்கட்டும், பாதியாகவே பிள்ளைக்குப் போட்டுக் காட்டுவேன். பிளாஸ்டரையும் கழற்ற மாட்டேன். திவசத்துக்கு உங்களுக்குப் படைக்கத் திரும்பி இந்த வீட்டுக்கு வருவேன். உங்களை மாதிரி இல்லை, நான் சொன்னால் வருகிறவள்.

வாறன் அண்ணா.

கையில் வீட்டைப் பூட்டும் திறப்போடு வாசலில் நிற்கும்,
உங்கள் தங்கச்சி