படம் நின்ற பிறகும் கதை சொன்னவனுக்கு

நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் பனியன் யூனிட்டில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, துணி மூட்டையில் சாய்ந்தபடி செல்போனில் தமிழ்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த அவள் ஊர்க்காரி. படத்தில் யார் வாய் திறந்தாலும் முன்னவள் அதை ஒடியாவில் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல். எனக்கு ஒடியாவில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே லைனுக்குத் திரும்பினேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உன் தம்பிதான் செய்தி அனுப்பியிருந்தான். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்று இரண்டே வரி. எனக்கும் உன் வயதுதான். அன்றைக்குத் திருப்பூர் நல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன், வீட்டுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதையே மறந்து நின்றேன்.

நைரோபிக்கு வெளியே இருந்த அந்த கார்மென்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக நான் சேர்ந்த முதல் நாள், பேக்கிங் பக்கமிருந்து யாரோ "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். தமிழன் யாரோ என்று திரும்பினால், கென்யாக்காரன் நீ நிற்கிறாய். எங்கள் திருப்பூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். கடல் தாண்டி வந்தது பருப்பு நிறுக்கத்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று இங்கிலீஷில் கேட்டேன். "உங்கள் சினிமா" என்றாய்.

அன்று மாலையே உன் கொட்டகைக்குக் கூட்டிப்போனாய். ரோட்டோரத்தில் தகரம் அடித்த கொட்டகை, உள்ளே நாலைந்து பெஞ்சு, முன்னால் ஒரு பெரிய டிவி. தமிழ்ப்படம் ஓடியது. அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு சுவாஹிலியில் கதை சொன்னாய். பகலில் பேக்கிங், சாயங்காலம் இந்த வேலை. உனக்குத் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. அதற்காக நீ வாயை மூடியதும் கிடையாது. கதாநாயகன் ரேஷன் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவன் காதலியிடம் மன்னிப்புக் கேட்பதாக நீ உருகிக்கொண்டிருந்தாய் என்று பக்கத்து பெஞ்சுக்காரர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். பெஞ்சில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படம் முடிந்ததும் நான் உண்மையைச் சொன்னேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. "கார்டுக்காக யாராவது அழுவார்களா?" என்றாய்.

நீ அசந்தது வேறொரு விஷயத்துக்கு. கதாநாயகி அவனுடைய அத்தை மகள் என்று நான் சொன்னபோது உன் முகமே மாறிவிட்டது. உங்கள் பக்கத்தில் அத்தை மகள் என்றால் கூடப் பிறந்தவள் மாதிரி. எங்கள் ஊரில் அது வழக்கம்தான், நானே மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதைக் கொட்டகையில் யாரிடமும் சொல்லிவிடாதே" என்றாய். அதற்குப் பிறகு எந்தப் புதுப்படத்துக்கும் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாருக்கு யார் என்ன முறை? அதை மட்டும் சொல். கதையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

உன் கொட்டகைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் லைனில் இருந்தவர்கள் என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார்கள். அதுவரை நான் டார்கெட் கேட்டுக் கத்துகிறவன். அப்புறம், நேற்றுப் படத்தில் வந்த வில்லன் உங்கள் ஊரில் நல்லவனா கெட்டவனா என்று தைத்துக்கொண்டே கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

சாவுக் காட்சி வந்தால் மட்டும் நீ விளையாட மாட்டாய். குரலை இறக்கி, நடப்பதை நடக்கிறபடியே சொல்வாய். மகன் தோளில் பானை, மூன்று சுற்று, ஓட்டையில் ஒழுகும் தண்ணீர், கடைசியில் திரும்பிப் பார்க்காமல் வைக்கிற கொள்ளி, எல்லாம் உனக்கு அத்துப்படி. "உங்கள் படத்தில் சண்டை பொய், பாட்டுப் பொய். இது மட்டும் பொய் இல்லை" என்று ஒருநாள் சொன்னாய்.

அம்மா இறந்த செய்தி என் மனைவியின் போனில் வந்தது. "ஏனுங்க, அத்தை போயிட்டாங்க. எப்படியாச்சும் கெளம்பி வந்துருங்க" என்று அழுதாள். என் பாஸ்போர்ட், வேலை பர்மிட் புதுப்பிப்பதற்காக அரசாங்க ஆபீஸில் கிடந்தது. ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். நான் ஒரே மகன். மறுநாள் காலை அவிநாசிப் பக்கம் எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்கு எடுப்பதாகப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை. ரூமில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

காலையில் நீ வந்து கையைப் பிடித்து எழுப்பினாய். "இந்தச் சின்ன போனில் அம்மாவை வழியனுப்பாதே" என்றாய். கொட்டகைக்குப் போனால் பெஞ்சு முழுக்க நம் லைன் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் செல்போனை டிவியோடு இணைத்தாய். அங்கே வீடியோ பிடித்தது என் மச்சினன். "மாமா, தெரியுதுங்களா? சுடுகாட்டுல டவர் சரியில்லீங்க" என்றான்.

யார் யார் என்று என்னிடம் மெல்லக் கேட்டாய். முன்னால் நிற்பது பெரியப்பா, பானை எடுக்கப்போவது சித்தப்பா மகன் என்றேன். "பானையை நீதானே தூக்க வேண்டும்?" என்றாய். ஆமாம் என்றேன். நீ மைக்கை எடுத்தாய்.

சித்தப்பா மகன் பானையை எடுக்கக் குனிந்தான். படம் அப்படியே நின்றுவிட்டது. குனிந்த முதுகு, பாதி நீட்டிய கை, முகம் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. எனக்கு அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

நீ நிறுத்தவில்லை. அதற்குள் எனக்கு சுவாஹிலி புரிய ஆரம்பித்திருந்தது. நீ என் பெயரைச் சொன்னாய். மகன் பானையைத் தூக்கித் தோளில் வைக்கிறான் என்றாய். மகன் அம்மாவைச் சுற்றி வருகிறான், தண்ணீர் அவன் முதுகில் ஒழுகுகிறது, அவன் கால் தடுமாறுகிறது, மாமன்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்றாய். அம்மா, நான் வந்துவிட்டேன் என்கிறான் என்றாய். அங்கேதான் நான் உடைந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மகன் திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்துவிட்டான் என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்தாய். அப்புறம் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சட்டையோடு நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாய்.

லைன் மறுபடி வந்தபோது அங்கே புகைதான் தெரிந்தது.

இதெல்லாம் ஊரில் யாருக்கும் தெரியாது. நான் திரும்பி வந்ததிலிருந்து ஒவ்வொரு திதிக்கும் பெரியப்பா அதே பேச்சைத்தான் எடுப்பார். "ஒத்தப் பையனப் பெத்தும் என்ன? பெத்தவளுக்குக் கொள்ளி வெக்காத கையி" என்பார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். இந்த வருஷம் திதி வந்தது, உன் செய்தி கிடைத்த மூன்றாம் நாள். பெரியப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"நான் வெச்சனுங்க" என்றேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. என் மனைவி கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். பெரியப்பா கோபப்படவில்லை, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார். "நீ எங்க சாமி வெச்ச? யாரு பாத்தா?" என்றார்.

உன்னைச் சொல்ல வாய் எடுத்தேன். பார்த்தவனை இருக்கிறான் என்று சொல்லவும் முடியாமல், இறந்தவன் என்று சொல்லவும் மனசு வராமல், இலையை மடித்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இனியும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன்.